பாய்மரப் படகில் பங்கோரைச் சுற்றி ஒரு நாள்

தாப்பாவில் வாழும் எங்களுக்கு மலை பழக்கம். கடல் அவ்வளவாகப் பழக்கமில்லை. கேமரன் மலைச் சாலை எங்கள் ஊரிலிருந்துதான் ஏறுகிறது. கடலுக்கோ, தெலுக் இந்தான் போய், பேராக் ஆற்றைத் தாண்டி, லுமுட் வரை போக வேண்டும். எழுபத்தாறு வயதான என் அம்மா அந்தக் கடலில் ஒருநாளும் கால் நனைத்ததில்லை.

அதற்குக் காரணம் உண்டு. போருக்கு முன்பு பாட்டி தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தபோது, கைக்குழந்தை காய்ச்சலில் இறந்து போனது. அந்தப் பிள்ளையைக் கடலிலேயே விட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து, தோட்டத்து லயத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் அம்மா. "கடலுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தாச்சு, போதும்" என்று பாட்டி சொல்வாராம்.

என் தம்பி மகன் லுமுட் பக்கம் படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கிறான். அவனிடம் வேலைக்கு வந்த வெளிநாட்டுத் தம்பதி ஒருவர், "உன் வீட்டாரை அழைத்து வா, தீவைச் சுற்றிக் காட்டுகிறோம்" என்றார்களாம். அம்மா மறுத்தார். "நான் பக்கத்திலேயே இருக்கேன், வாங்க பாட்டி" என்று பேரன் கையைப் பிடித்ததும் மறுப்புப் பறந்தது!

காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். இரவில் கடலைவிட நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால், காலையில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். பிற்பகலில் நிலம் சூடேறியதும் காற்று திரும்பிவிடும். காலைக் காற்றில் போய், மாலைக் காற்றில் திரும்புவது எங்கள் திட்டம். பாய் விரிந்ததும் எஞ்சின் நின்றது. தண்ணீர் சலசலக்கும் சத்தம் மட்டுமே கேட்டது.

சற்று நேரத்தில் படகு ஒருபக்கம் சாய்ந்தது. "முருகா!" என்று அம்மா என் தோளை இறுக்கினார். பேரன் சிரித்தான். "கவிழாது பாட்டி. அடியில் பெரிய கனம் இருக்கு. தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி, சாய்ஞ்சா தானே நிமிர்ந்துக்கும்."

தீவின் கிழக்குக் கரையில் மீனவர் கிராமங்கள். சுங்கை பினாங் கெச்சில் கரையில்தான் பத்திரகாளியம்மன் கோயில் இருக்கிறது. மாசி மகத்தன்று பல ஊர்களிலிருந்தும் நம் மக்கள் அங்கே திரள்வார்கள். அந்தத் திசையை நோக்கி அம்மா கும்பிட்டார்.

தெற்கே தெலுக் கெடோங்கில் டச்சுக்காரர்கள் 1670ல் ஈய வணிகத்துக்காகக் கட்டிய கோட்டை இருக்கிறது. 1874ல் பேராக்கில் ஆங்கிலேயர் காலூன்ற வழி செய்த உடன்படிக்கை கையெழுத்தானதும் இந்தப் பங்கோரில்தான். பிறகு வந்த ரப்பர்த் தோட்டங்களுக்கும், நம் பாட்டன்மார் கப்பலேறியதற்கும் இங்கே ஒரு வேர் இருக்கிறது.

பங்கோர் லாவுட் தீவைச் சுற்றிக்கொண்டு, மேற்கே தெலுக் நிப்பா எதிரில், சின்னஞ்சிறு கியாம் தீவின் அருகே நங்கூரம் போட்டோம். ஏற்கெனவே மூன்று படகுகள் அங்கே நின்றன. சிறு தோணிகளில் அந்தப் படகுக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் எலுமிச்சம்பழம் தந்தார்; ஒருவர் எஞ்சின் பெல்ட் கேட்டு வாங்கினார்; ஒருவர் விடியற்காலையில் திடீரென்று அடிக்கும் 'சுமத்ரா' புயற்காற்றைப் பற்றி எச்சரித்தார். அம்மா என் காதில், "நம்ம லயம் மாதிரியே இருக்கே! உப்புக்கும் புளிக்கும் அடுத்த வீடுதான்" என்றார். நாங்கள் கொண்டுபோன இட்லியும் நெத்திலிச் சம்பலும் ஐந்து நிமிடத்தில் காலி!

வீட்டுக்காரம்மா சொன்னார்: "வடகிழக்குக் காற்று நிலைத்ததும், ஜனவரியில் இலங்கைக்குப் பாய் விரிப்போம்." கடாரம் என்று சோழர் அழைத்த கெடாவுக்கும் தமிழகத்துக்கும் இடையே நம் முன்னோர் மரக்கலம் ஓட்டியதும் இந்தப் பருவக்காற்றுகளை நம்பித்தான். ஒரு பருவத்தில் வந்து, மறு பருவத்தில் திரும்புவார்கள். பாட்டி வந்ததோ நீராவிக் கப்பல். அதற்குக் காற்று தேவையில்லை. ஆனால் பாட்டி திரும்பவேயில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, கொண்டையிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றினார். பேரன் பிடித்துக்கொள்ள, குனிந்து அதைத் தண்ணீரில் விட்டார். கை நனைந்தது. "அண்ணனுக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பிற்பகல் காற்று வந்ததும் திரும்பினோம். இந்த முறை படகு சாய்ந்தபோது அம்மா என் தோளைத் தேடவில்லை.

வாசகர்களே, பாய்மரப் படகு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. லுமுட்டிலிருந்து பயணிகள் படகு பங்கோருக்குப் போகிறது. வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். கடலைப் பார்த்தபடி அவர்கள் சொல்லும் கதையைக் கேளுங்கள்.