படுத்தால் சரியாகிவிடும்

பாப்பா பிறந்த மறுநாள் காலை, பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்தேன். பின்னந்தலையை உள்ளிருந்து யாரோ கீழே பிடித்து இழுப்பது போல ஒரு வலி. கழுத்து இறுகியது, காதுக்குள் இரைச்சல். அப்படியே சாய்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே இல்லை.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் கேட்டபோது நான் படுத்திருந்தேன். "இப்ப வலி இருக்காம்மா?" "இப்ப இல்ல டாக்டர்." அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். பத்து வருடமாக மென்பொருள் எழுதுகிறேன். பயனர் சொல்லும் பிழை நம் கணினியில் வராவிட்டால், 'கேனாட் ரீப்ரொட்யூஸ்' என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுவோம். அன்று நான்தான் அந்த டிக்கெட்.

"எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றாள் அம்மா. நான் காதில் வாங்கவில்லை.

பிரசவ வலிக்கு எபிடியூரல் போட்டிருந்தார்கள். தண்டுவடத்தையும் அதைச் சுற்றியுள்ள நீரையும் மூடியிருக்கும் உறையின் பெயர் டியூரா. அதற்கு வெளியே இருக்கும் சின்ன இடைவெளியில் ஊசி நிற்க வேண்டும். கொஞ்சம் தாண்டினால் உறையில் துளை விழும். ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு இது நடக்கிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தலைவலி வருகிறது. நீர் கசிவதால் உட்கார்ந்தால் வலிக்கும், படுத்தால் விடும். புதிய விஷயமல்ல. 1898இல் ஜெர்மன் மருத்துவர் ஆகஸ்ட் பியர், தண்டுவட மயக்க மருந்தைச் சோதிக்கத் தன் முதுகிலேயே ஊசி ஏற்றச் செய்து, இதே தலைவலியோடு நாள்கணக்கில் படுத்துக்கிடந்தார்.

நான்காம் நாள் வந்த மயக்க மருந்து டாக்டர், என்னை உட்காரவைத்து அதே கேள்வியைக் கேட்டார். பதில் சொல்லவே முடியவில்லை. கையிலிருந்து 20 மில்லி ரத்தம் எடுத்து முதுகில் செலுத்தினார். பிளட் பேட்ச். உறைந்த ரத்தம் துளையை அடைத்தது. அன்று சாயங்காலம் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கதை அங்கே முடியவில்லை. பாப்பாவுக்கு இப்போது நாலு வயசு. நெடுநேரம் லேப்டாப் முன் உட்கார்ந்தால் பழைய இழுப்பு லேசாக எட்டிப் பார்க்கிறது. அந்தத் துளைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படித் துளைபட்ட அம்மாக்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், ஒரு வருடத்துக்கு மேலாகியும் தலைவலியும் முதுகுவலியும் மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தன.

வீட்டில் சொன்னால், "முதுகுல ஊசி போட்டாலே அப்படித்தான்டி" என்பார் பெரியம்மா. நம் ஊரில் எல்லா முதுகுவலிக்கும் அந்த ஊசிதான் காரணம். ஆனால் எபிடியூரல் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், நீண்டகால முதுகுவலியில் வித்தியாசம் தெரியவில்லை. டாக்டர்களுக்கு இது தெரியும். அதனாலேயே, நிஜமாகத் துளைபட்டவள் வந்து சொல்வதும் அவர்களுக்குப் பெரியம்மாவின் புலம்பலாகவே கேட்கிறது.

போன மாதம் நரம்பியல் டாக்டர் என் டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டினார். சுகப்பிரசவம், தாயும் சேயும் நலம். துளையைப் பற்றியோ பேட்ச் பற்றியோ ஒரு வரி இல்லை. நடந்ததை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. என் வாய்வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அன்று இரவுதான் அம்மாவிடம் ஒழுங்காகக் கேட்டேன்.

"உன்னை ஆபரேஷன் பண்ணி எடுத்தப்ப முதுகுலதான் ஊசி போட்டாங்க. பத்து நாளைக்கு உட்காரவே முடியல. படுத்துக்கிட்டேதான் பால் குடுத்தேன். சோம்பேறின்னாங்க உங்க பாட்டி."

"டாக்டர்கிட்ட சொல்லலையாம்மா?"

"என்னன்னு சொல்றது? அவர் வர்றப்ப நான் படுத்துத்தானே கிடப்பேன்."

மறுநாள் மருத்துவமனைக்கு மெயில் எழுதினேன், நடந்ததை என் பதிவில் சேர்க்கச் சொல்லி. அம்மாவுக்குப் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. அவளுடையதை இங்கே எழுதிவைக்கிறேன்.