சம்பந்தி வீட்டுக் கசப்பு

"விஸ்கியா! இந்த வயதில் இவளுக்கு என்ன வந்தது?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். நான் குடித்த கதை அல்ல இது. கலந்து கொடுத்த கதை.

என் தகப்பனார் குடித்தவர். அம்மாவின் வளையல்கள் ஒவ்வொன்றாகப் போனதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பாட்டிலைக் கையால் தொடுவதில்லை என்று பத்து வயதிலேயே சங்கல்பம் செய்துகொண்டேன். அப்படிப்பட்டவளின் பெண், பாரிஸில் ஒரு பிரெஞ்சுக்காரரை மணந்துகொண்டாள்!

சம்பந்தி தனியாக இருக்கும் பெரியவர். நான் போய் இறங்கிய மறுநாளே, எனக்காகப் பில்டர் காப்பி போடக் கற்றுக்கொள்கிறேன் என்று கொதிக்கும் வெந்நீரை வலது கையில் கொட்டிக்கொண்டார். பெரிய கட்டாகப் போட்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவருக்கு ஒரு கிளாஸ் 'பூல்வார்தியே' வழக்கம். பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே போயிருந்தார்கள். இடது கையால் மூடியைத் திருகிப் பார்த்தார், முடியவில்லை. என்னைக் கேட்கவும் இல்லை. பாட்டிலைப் பேசாமல் அலமாரியில் வைத்துவிட்டார்.

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. என் காப்பிக்காகச் சுட்ட கை அல்லவா? எழுந்து போய் மூடியைத் திறந்தேன். அரைகுறை இங்கிலீஷில் அவர் சொல்லச் சொல்ல, நான் கலந்தேன்.

பனிக்கட்டி போட்ட குவளையில் 45 மில்லி பூர்பன். பாதிக்கு மேல் மக்காச்சோளம் சேர்த்து வடிக்கும் அமெரிக்க விஸ்கி அது. 30 மில்லி கம்பாரி. 1860-ல் இத்தாலியில் பிறந்த குங்குமச் சிவப்புக் கசப்பு. 30 மில்லி இனிப்பு வெர்மூத். மூலிகை ஊறிய ஒயின். குலுக்கக் கூடாது, நீளக் கரண்டியால் அரை நிமிஷம் கலக்கவேண்டும். பனி சற்றுக் கரைந்தால்தான் முரட்டுத்தனம் அடங்கும். புதுப் பனிக்கட்டியின் மேல் வடிகட்டி, ஆரஞ்சுத் தோலில் ஒரு சீவல் பிழிந்து போட்டால் ஆயிற்று.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அந்த நாளில் பாரிஸில் இதே பெயரில் பத்திரிகை நடத்திய எர்ஸ்கின் க்வின் என்ற அமெரிக்கரின் பானமாம் இது. ஹாரி மெக்கெல்லோன் 1927-ல் தம் புத்தகத்தில் எழுதி வைத்தார். அதில் மூன்றும் சம அளவு. விஸ்கி கூடியது பிற்கால வழக்கம். சாப்பாட்டுக்கு முன் கசப்பு பசியைத் தூண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் வீட்டில் வேப்பம்பூ ரசமும் சுண்டைக்காய் வற்றலும் இல்லையா?

வாசனை மூக்கில் ஏறியதும் அப்பாவின் திண்ணை கண்முன் வந்தது. கை நடுங்கிற்று. 'இரண்டாவது கிளாஸ் கேட்பாரோ?' என்று வயிற்றில் புளியைக் கரைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அவர் மெல்ல உறிஞ்சினார். அரைமணி நேரம் பேசினார். காலிக் கிளாஸைக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டு, "சூப் சாப்பிடலாமா?" என்றார். அவ்வளவுதான்.

'போதும்' என்ற அந்த ஒரு சொல் என் தகப்பனாருக்கு மட்டும் தெரிந்திருந்தால்! அன்றிரவு அம்மாவை நினைத்துக்கொண்டு வெகுநேரம் விழித்திருந்தேன்.

மறுநாள் காலை, இடது கையாலேயே போட்ட காப்பி எனக்கு வந்தது. சர்க்கரை போட மறந்துவிட்டார். ஒரே கசப்பு. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.