அப்பாவின் கூடை

குப்பை விஷயத்தில் என் தகப்பனாருக்கும் எனக்கும் ஒரு வழக்கு உண்டு. கடைத்தெருவில் பழரசம் விற்பவரிடமிருந்து சாத்துக்குடித் தோலைக் கூடை கூடையாக வாங்கி வந்து கொல்லையில் கொட்டுவார். அங்கே கோரையைத் தவிர வேறொன்றும் முளைத்ததில்லை. "நாலு பேர் வந்து போகிற வீடு, நாறுகிறது" என்று ஒரு நாள் கத்தினேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாளிலிருந்து கூடை வரவில்லை.

சமீபத்தில் கோஸ்டா ரிக்கா தேசத்துச் சமாசாரம் ஒன்றைப் படித்தபோது அந்தக் கூடை ஞாபகத்துக்கு வந்தது. அந்நாட்டின் வடமேற்கே குவானகாஸ்டே என்று ஒரு பிரதேசம். காட்டை அழித்து மாடு மேய்த்த நிலம். மண் இறுகிப் போய், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு புல் மண்டிக் கிடந்தது. மர விதை விழுந்தாலும் அதற்குள் தலைதூக்காது. டானியல் ஜான்ஸன், வின்னி ஹால்வாக்ஸ் என்ற விஞ்ஞானத் தம்பதி, பக்கத்திலிருந்த ஆரஞ்சுச் சாற்றுக் கம்பெனியிடம் ஒரு பேச்சுப் பேசினார்கள். கம்பெனி தன் வசமுள்ள காட்டை வனத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாகத் தோலையும் சக்கையையும் அந்தப் பொட்டலில் செலவில்லாமல் கொட்டிக்கொள்ளலாம். 1990-களின் கடைசியில் ஆயிரம் லாரிச் சுமை, 12,000 டன், 3 ஹெக்டேரில் வந்து விழுந்தது.

நாற்றத்துக்குக் கேட்பானேன்! ஈ மொய்த்தது; புழு நெளிந்தது. அந்தப் புழுதான் வேலைக்காரன். குவியலுக்கடியில் புல் மூச்சுத் திணறிச் செத்தது. தோல் சில மாதங்களில் கரிய மண்ணாயிற்று. இதற்குள் போட்டிக் கம்பெனி ஒன்று, தேசிய வனத்தை அசுத்தம் செய்கிறார்கள் என்று கோர்ட்டுக்குப் போயிற்று. அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதன் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. லாரிகள் நின்றன. இடத்தை எல்லோரும் மறந்தே போனார்கள்.

2013-ல் திமோதி ட்ரூயர் என்ற ஆராய்ச்சி மாணவர் அதைத் தேடிப் போனார். அடையாளத்துக்கு நட்ட பெயர்ப்பலகைகூட அகப்படவில்லை. கொடியும் மரமும் அதை மூடியிருந்தன. பாதைக்கு அப்பால், தோல் விழாத நிலத்தில், அதே பழைய புல். அளந்து பார்த்து 2017-ல் கணக்கை வெளியிட்டார்கள்: தரைக்கு மேல் நின்ற மரம் செடிகளின் எடை 176 சதவீதம் கூடியிருந்தது. ஓர் அத்திமரத்தை மூன்று பேர் கைகோத்தால்தான் வளைக்க முடியுமாம்.

அப்பா இருந்தால் வாசித்துக் காட்டியிருப்பேன். "இதைச் சொல்ல விஞ்ஞானி வேண்டுமாக்கும்!" என்றிருப்பார். அல்லது அன்று போலவே பேசாமல் இருந்திருப்பார்.

கொல்லையில் அவர் கொட்டிய இடத்தைத் தோண்டிப் பார்க்கவும் வழியில்லை. நான் அங்கே சிமெண்டுத் தளம் போட்டுப் பதினைந்து வருஷமாகிறது.