கன்வெர்ட்டரைப் பூட்டிய கை

ராஜபாளையத்து லேத் பட்டறைகளுக்கு வேலை வருவது பெரும்பாலும் நூற்பாலைகளிலிருந்துதான். அப்படியொரு பட்டறையில், குவாரி டம்பரிலிருந்து கழற்றிய டார்க் கன்வெர்ட்டர் ஒன்றை வெல்டிங் ஓரமாகக் கடைந்து இரண்டாகப் பிளந்து வைத்திருந்தார்கள். எஞ்சினோடு சுற்றும் பம்புச் சக்கரம், அதற்கு எதிர்முகமாகக் கியர் பெட்டியைச் சுழற்றும் டர்பைன், நடுவில் எண்ணெயைத் திருப்பிவிடும் ஸ்டேட்டர். மூன்றிலும் வளைந்த தகடுகள் பழுதில்லாமல் இருந்தன. கெட்டுப்போயிருந்தது டர்பைனுக்கும் முன்மூடிக்கும் இடையில் இருந்த லாக்கப் தட்டு. அதன் உராய்வுப் பட்டை கருகி உதிர்ந்திருந்தது. மூடியின் உட்புறம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது.

“இது பிடிச்சாத்தான் தம்பி எஞ்சினும் கியர் பெட்டியும் ஒண்ணாச் சுத்தும். பிடிக்கலேன்னா எண்ணெய்தான் வண்டியைத் தள்ளணும்,” என்றார் பட்டறை அண்ணாச்சி. ஓமனில் டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பிய ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர் இதைக் கையாலேயே பூட்டி ஓட்டியவர் என்றும் சொன்னார். தானாக நடக்க வேண்டிய வேலையைக் கையில் வாங்குவானேன்? முதன்முதலில் வாங்கியது யார்? இதுதான் என்னை அலைய வைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில் அவரைப் பார்த்தேன். ஜெனரேட்டர் ஏற்றிய டிரெய்லரை அமெரிக்க டீசல் பிக்கப்பில் மாட்டி மலைப்பாதையில் இழுத்தவர். “கம்ப்யூட்டர் அது இஷ்டத்துக்குப் பூட்டும், விடும். இறக்கத்துல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா உடனே விட்டுரும். அப்புறம் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டும் பிரயோசனமில்ல. பின்னால இருக்கிற லோடு நம்மளத் தள்ளிக்கிட்டுப் போகும்.” அங்கிருந்த எலக்ட்ரீசியன் லாக்கப் சொலினாய்டின் ஒயருக்குத் தனியாக எர்த் இழுத்து, டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தாராம்.

அவர் சொன்னதற்குக் காரணம் அந்தப் பிளந்த கன்வெர்ட்டரிலேயே இருக்கிறது. எஞ்சின் பக்கம் வேகமாகவும் சக்கரத்துப் பக்கம் மெதுவாகவும் சுற்றும்போது எஞ்சினின் முறுக்குவிசையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கிக் கொடுப்பதற்கென்றே அந்தத் தகடுகளை வளைத்திருக்கிறார்கள். சுமையோடு நின்ற வண்டி கிளம்புவதற்கு அது வரப்பிரசாதம். இறக்கத்தில் நிலைமை தலைகீழ். சக்கரம் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். அந்தத் திசையில் எண்ணெயின் பிடி பலவீனம். சமதரையிலும் டர்பைன் எப்போதும் சற்றுப் பின்தங்கியே சுற்றும். அந்த வித்தியாசம் அத்தனையும் எண்ணெயில் சூடாகிப் போகும். பூட்டிவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. ராஜபாளையத்திலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்கு லோடு ஏற்றிப் போகிற எந்த டிரைவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. கணவாய் இறக்கத்தில் சின்ன கியரில் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு இறங்குவது அவர்களுக்கு அன்றாடம்.

அப்படியானால் அந்தச் சுவிட்ச், கம்ப்யூட்டரை ஏய்க்க வந்த நேற்றைய தந்திரமா? பின்னோக்கித் தேடினேன். எலக்ட்ரானிக் கட்டுப்பாடு பரவியது 1980-களில். அதற்கு முன்பு, எண்ணெய் நெருக்கடி அமெரிக்காவை உலுக்கிய பிறகு, 1978-ல் கிரைஸ்லர் தன் கார்களில் லாக்கப்பைக் கொண்டுவந்தது. அதற்கும் முன்பு 1949-ல் பேக்கார்ட் நிறுவனத்தின் அல்ட்ராமேட்டிக் கியர் பெட்டி. அதில் வேகம் ஏறியதும் கன்வெர்ட்டர் தானாகவே பூட்டிக்கொள்ளும். தானியங்கிப் பூட்டின் கதை பொதுவாக இங்கிருந்துதான் சொல்லப்படும். நான் இன்னும் பின்னால் போனேன். போனதற்குப் பலன் இருந்தது.

1930-களின் முற்பாதியில் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனம் ரேடியேட்டரில் ‘கியர்லெஸ் பஸ்’ என்று எழுதிய பஸ்களை விட்டது. ஸ்வீடன் எஞ்சினியர் ஆல்ஃப் லைஸ்ஹோம் உருவாக்கிய கன்வெர்ட்டர் அதில் இருந்தது. லேலண்டின் டைட்டன் பஸ்ஸின் மாடல் பெயரோடு ‘சி’ என்ற எழுத்து சேர்ந்திருந்தால் அது கன்வெர்ட்டர் வண்டி. அதில் மாற்றப் பல கியர்கள் கிடையாது. ஆனால் டிரைவர் கையில் ஒரு நெம்புகோல் இருந்தது. கிளம்பும்போது கன்வெர்ட்டர். மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர் வாக்கில் வேகம் வந்ததும் நெம்புகோலைத் தள்ளினால் எண்ணெயைத் தவிர்த்து எஞ்சின் நேராகச் சக்கரத்தோடு இணையும். முன்னால் மேடு வருகிறதா, நிறுத்தம் வருகிறதா என்று பார்த்து டிரைவரே முடிவு செய்ய வேண்டும். கன்வெர்ட்டரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் எரிபொருள் விரயமாகும். சாதாரண பஸ்ஸைவிடச் செலவு கூடியதால் பின்னாளில் பல வண்டிகளில் அதைக் கழற்றி வழக்கமான கியர் பெட்டியே மாட்டினார்கள். அது வேறு கதை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது: சாலை வாகனத்தில் கை முந்தியது, தானியங்கி பிந்தியது.

அந்த லேலண்டின் பெயர் நமக்குப் புதிதல்ல. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், லேலண்டோடு சேர்ந்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரிலிருந்து வந்த காமெட் லாரிகளில் இருந்தது கியர் கம்புதான்; கன்வெர்ட்டர் அவற்றில் வரவில்லை. என்றாலும், நம் மில் வாசல்களில் பஞ்சும் நூலும் ஏற்றிய லாரிகளின் நெற்றியில் படித்த பெயரே இந்தத் தேடலின் மறுமுனையிலும் இருந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

கன்வெர்ட்டரின் பிறப்பு சாலையிலேயே இல்லை, கப்பலில். ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோட்டிங்கர், ஸ்டெட்டின் நகரத்து வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் இருந்தபோது 1905-ல் இதற்குக் காப்புரிமை கேட்டார். நீராவி டர்பைன் வெகுவேகமாகச் சுற்றும். கப்பலின் விசிறி மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரைத் தள்ளும். இரண்டுக்கும் நடுவே திரவத்தை வைத்து சமாதானம் செய்தார் அவர். நம் நாட்டில் எம்.எம். சூரி, டீசல் ரயில் எஞ்சினுக்காகத் திரவத்தையும் இயந்திர இணைப்பையும் சேர்த்து உருவாக்கிய ‘சூரி டிரான்ஸ்மிஷன்’ சித்தரஞ்சனில் கட்டிய ஷண்டிங் எஞ்சின்களில் ஓடியது. அவர் பின்பு துர்காபூர் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகி, ஸ்வராஜ் டிராக்டருக்கும் வழி வகுத்தார். அவரைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுத வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரின் சுவிட்சில் ஆபத்தும் உண்டு. பூட்டியபடியே வண்டியை நிறுத்தப் போனால் எஞ்சின் உதறி அணைந்துவிடும். குறைந்த வேகத்தில் முழு லோடோடு பூட்டி அழுத்தினால் லாக்கப் தட்டு வழுக்கித் தீய்ந்துபோகும். அவரும் வேகம் இறங்குவதற்கு முன்பே கை சுவிட்சுக்குப் போய்விடும் என்றார். இப்போது வரும் டீசல் பிக்கப்புகளில் டிரெய்லர் இழுப்பதற்கென ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தி எக்ஸாஸ்ட் பிரேக்கையும் போட்டால் காலை எடுத்தாலும் பூட்டு விடாது. வேகம் மிகக் குறைந்தால் தானே விட்டுக்கொள்ளும். அந்த எலக்ட்ரீசியன் ஒயர் இழுத்துச் செய்ததை இப்போது கம்பெனியே பாதுகாப்போடு செய்து தருகிறது.

கிளட்ச் மிதி இல்லாமல் இங்கே வரும் லாரிகள் பலவற்றில் கன்வெர்ட்டரே கிடையாது. சாதாரண கியர் பெட்டியில் கியரைக் கைக்குப் பதிலாகக் கருவி மாற்றுகிறது, அவ்வளவுதான். ஆனால் கன்வெர்ட்டர் வைத்த டம்பர்களும் பஸ்களும் நம்மிடம் ஓடுகின்றன. கன்வெர்ட்டரோடு கூடிய தானியங்கி கியர் பெட்டி செய்யும் ஆலிசன் நிறுவனத்துக்கு ஒரகடத்தில் தொழிற்சாலையே இருக்கிறது. இனி கன்வெர்ட்டர் வைத்த லாரிகள் ஆரியங்காவு ஏறும்போது, இறக்கத்தில் பூட்டைப் பிடித்துவைக்கும் பொத்தான் ஒன்று டிரைவரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன சரிவு என்பதை, அந்த வழியில் பலமுறை இறங்கிய டிரைவர் சென்சாருக்கு முன்பே அறிவார்.