ஆயுத பூஜையும் ஒரு அரமும்

 

நவராத்திரி நெருங்குது. அதுக்கு முன்னாடி கோயில் தொண்டர்கள் நாங்க ஒரு விஷயத்தைச் சொல்லியாகணும். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையா படிங்க.

ஆயுத பூஜைக்கு மருந்தடிக்கிற பம்பு, மண்வெட்டி, பாராங், கொழுந்து வெட்டுற மிஷின், லோரி சாவி எல்லாம் அம்மன் சன்னதிக்கு வந்துடும். துப்பாக்கி மட்டும் வராது. லைசென்ஸ் உள்ளவங்க வீட்டுக்கு நாங்களே விபூதி, சந்தனம், குங்குமத்தோட போவோம். போன வருஷம் அப்படி ஒரு தாத்தா வீட்டுக்குப் போனோம். அவரோடது ரொம்ப பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. காய்கறித் தோட்டத்தைக் காட்டுப்பன்னி கிளறுதுன்னு முறையான அனுமதியோட வெச்சிருக்கார்.

தாத்தா குழலைத் திறந்து தோட்டா இல்லைன்னு எங்களுக்கும் காட்டினார். மூடிட்டு, எண்ணெய் போட ரெண்டு குதிரையையும் பின்னால இழுத்து வெச்சார். அப்புறம் பாயில கிடத்தும்போது கட்டை தரையில லேசா இடிச்சுது. ‘டக்’னு வலது குதிரை தானா விழுந்துடுச்சு. விசையில யார் விரலும் இல்லை. குழலுக்கு நேர் எதிர்ல அவரோட பேத்தி சூடத் தட்டோட உக்காந்திருந்துச்சு.

ரொம்ப நேரம் யாரும் பேசலை.

பின்னால இழுத்த குதிரையை உள்ளே ஒரு சின்னக் கொக்கிதான் பிடிச்சு நிறுத்துது. குதிரையில உள்ள வெட்டுல அந்தக் கொக்கி மாட்டியிருக்கிற இடம் ரொம்ப மெல்லிசு. விசையை அழுத்தினா கொக்கி விலகும், குதிரை பாயும். அந்த விளிம்பு தேஞ்சாலோ, பழைய எண்ணெய் இறுகிப்போய் கொக்கி முழுசா மாட்டாம நின்னாலோ, ஒரு தட்டே போதும். 5,000 அடிக்கு மேல இருக்கிற நம்ம ஊர்ப் பனியில துரு பிடிக்கச் சொல்லியா தரணும்?

இது நம்ம தாத்தா துப்பாக்கிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. அமெரிக்காவுல ரெமிங்டன் 700ன்னு பேர்போன வேட்டைத் துப்பாக்கி இருக்கு. 2000 அக்டோபர்ல மொன்டானாவுல ஒரு தாய் தோட்டாவை வெளிய எடுக்கிறதுக்காகப் பாதுகாப்புப் பூட்டைத் தள்ளினதும் அது வெடிச்சு, அவங்களோட 9 வயசு மகன் இறந்துட்டான். விசைக்குள்ள இருந்த ஒரு தனித் துண்டு அழுக்கு புகுந்தா பழைய இடத்துக்குத் திரும்பாதுன்னு வழக்குகள்ல வாதாடினாங்க. கம்பெனி குறையை ஒத்துக்கலை. ஆனாலும் 2018ல நடைமுறைக்கு வந்த சமரசப்படி, லட்சக்கணக்கான துப்பாக்கிகளுக்கு இலவசமா விசை மாத்தித் தர சம்மதிச்சாங்க.

அன்னைக்கு எங்க தம்பி ஒருத்தர், “இதுக்குப் போய் பயப்படுறீங்களே தாத்தா, அரம் போட்டு நானே சரி பண்ணித் தரேன்”னு சொன்னார். புல்வெட்டுற மிஷினெல்லாம் கழட்டி மாட்டுற கைதான். தாத்தா வேணாம்னுட்டார். பாலாய்ல விவரம் சொல்லிட்டு, துப்பாக்கியைப் பையில போட்டு, சிம்பாங் பூலாய் வழியா இறங்கி, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்கு அவரே கொண்டு போனார். துணைக்கு எங்க ஆளு ரெண்டு பேர் போனாங்க.

கடைக்காரர் பிரிச்சுப் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “இதுல யார் அரம் போட்டது?”

பழைய கொக்கிகளுக்கு மேல் தோல் மட்டும்தான் கெட்டி இரும்பு, உள்ளே மெதுவானது. அரம் போட்டா அந்தத் தோல் போயிடும். கொஞ்ச நாள் விசை லேசா, நல்லா இருக்கிற மாதிரி தெரியும். அப்புறம் வேகமா தேஞ்சுடும்.

துணைக்குப் போன ரெண்டு பேர்ல ஒருத்தர் தலை குனிஞ்சு நின்னார். பல வருஷத்துக்கு முன்னாடி, “விசை இறுக்கமா இருக்குப்பா”ன்னு தாத்தா சொன்னப்போ, ஒரு சாயங்காலம் அரத்தால ராவிக் கொடுத்தது அவர்தான். காசு வாங்கலை. உதவின்னு நினைச்சுச் செஞ்சார். பக்கத்துல உக்காந்து டார்ச் பிடிச்சது எங்கள்ல இன்னொருத்தர். அதனாலதான் ‘நாங்க’ன்னு எழுதுறோம். லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி ரிப்பேர் பண்றது 1960ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம்ங்கிறதும் அப்போ எங்களுக்கு உறைக்கலை.

கடையில கொக்கியை மாத்தி, குதிரையோட வெட்டையும் சரி செஞ்சாங்க. காலித் துப்பாக்கியில குதிரையை இழுத்து வெச்சு, ரப்பர் சுத்தியால ரெண்டு பக்கமும் தட்டிக் காட்டினாங்க. குதிரை அசையலை. அதுக்கப்புறம்தான் தாத்தா கையில கொடுத்தாங்க.

வீட்டுக்கு வந்ததும் எங்க ஆளு தாத்தா கால்ல விழுந்தார். தாத்தா திட்டலை. “பேத்திகிட்ட போய் சொல்லிட்டு வாப்பா”ன்னு மட்டும் சொன்னார். ஏழு வயசுப் பிள்ளைகிட்ட என்னன்னு சொல்றது? சொன்னார்.

இந்த வருஷம் அந்த அரமும் அம்மன் முன்னாடி இருக்கும். பம்பு, பாராங்கோட அதையும் பார்ப்பீங்க, ஏன்னு கேக்காதீங்க. துப்பாக்கி வெச்சிருக்கிறவங்க, பூஜைக்கு நாங்க வர்றதுக்குள்ள ஒருதடவை கடையில காட்டிடுங்க. கீழே இறங்க வண்டி இல்லைன்னா சொல்லுங்க, நாங்க கூட்டிட்டுப் போறோம். அரம் மட்டும் கேக்காதீங்க.

அம்மன் துணை.
கோயில் தொண்டர்கள், கியா பார்ம்