ஒரு கையால் திறக்கும் குவளை

சிராங்கூன் நார்த் அவென்யூ 1க்கு எம்ஆர்டியில் நேராகப் போய் இறங்க முடியாது. அங் மோ கியோவிலோ சிராங்கூனிலோ இறங்கிப் பேருந்து பிடிக்கவேண்டும். புளோக் 151 பக்கம் நடந்தால், வீவக வீடுகளுக்குக் கீழே வண்ணமீன் கடைகள். காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில் மீன்களைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் வெளியே வருவார்கள். உள்ளே தரை எப்போதும் ஈரம். உப்பும் மீன் தீனியும் கலந்த வாசம் மூக்கில் ஏறும். பத்து வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறேன். இந்த முறை தனியாக, பையில் ஓர் அளவுநாடாவுடன் வந்தேன்.

வந்தது புரோட்டீன் ஸ்கிம்மர் வாங்க. ஒரே மாதத்தில் இது இரண்டாவது முறை.

எங்கள் நாலறை வீட்டுக் கூடத்தில் மூன்றடி உப்புநீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. இரண்டு கோமாளி மீன்கள், ஒரு பங்காய் கார்டினல், மணலைத் துழாவும் ஒரு கோபி, கொஞ்சம் மென்பவளங்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றபின் அப்பா பார்த்துப் பார்த்து வளர்த்தது. சென்ற ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை சரியாக வரவில்லை. சக்கர நாற்காலி திரும்ப இடம் வேண்டும் என்று கட்டிலைக் கூடத்துக்கே கொண்டுவந்தோம். கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே நான்கடிதான்.

ஸ்கிம்மர் என்ன செய்கிறது என்பதைச் சமையலறையில் வைத்தே சொல்லிவிடலாம். பருப்பு வேகும்போது நுரை பொங்கும், அம்மா கரண்டியால் அதை அள்ளி ஊற்றுவார். ஸ்கிம்மருக்கும் அதுதான் வேலை. மீன் கழிவும் மீந்துபோன தீனியும் தண்ணீரில் கரைகின்றன. கரைந்த புரதங்களுக்கு ஒரு குணம் உண்டு: ஒரு பக்கம் தண்ணீரை நாடும், மறுபக்கம் தண்ணீரைவிட்டு விலகும். அதனால் காற்றுக்குமிழியைக் கண்டால் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். ஊசிச் சக்கரம் பொருத்திய பம்ப் காற்றைப் பொடிப்பொடிக் குமிழிகளாக்கி ஒரு குழாய்க்குள் அனுப்புகிறது. குமிழிகள் அழுக்கைச் சுமந்து மேலேறி, கழுத்தில் நுரையாகி, உச்சியில் உள்ள குவளையில் கருந்தேநீர் நிறத்தில் வழிகின்றன. அழுகி அம்மோனியாவாகவும் நைட்ரேட்டாகவும் மாறுவதற்கு முன்பே கழிவு வெளியேறிவிடுகிறது. தண்ணீரில் காற்றும் கலக்கிறது. நன்னீர்த் தொட்டியில் இது அவ்வளவாக எடுபடாது. நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும், உப்புநீரில்தான் பொடியாகவே நிற்கும்.

காற்று பலமாக அடித்த ஒரு நாள் சாங்கி கடற்கரையில் ஒதுங்கியிருந்த நுரையைக் காட்டி, "கடல் தன்னைத் தானே கழுவிக்குதும்மா" என்று அப்பா சொன்னது நினைவிருக்கிறது.

பத்து வருடம் உழைத்த பழைய ஸ்கிம்மரின் பம்ப் போன மாதம் நின்றுபோனது. வேலை முடிந்து வரும் வழியில் புதிதாக ஒன்று வாங்கிவந்தேன். பெட்டியில் '800 லிட்டர் வரை' என்று போட்டிருந்தது. எங்கள் தொட்டியும் அதன் அடியில் அலமாரிக்குள் இருக்கும் சம்ப் எனப்படும் சிறு தொட்டியும் சேர்ந்து 200 லிட்டருக்குள் அடங்கும். பெரியதாக வாங்கினால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

அது தவறு. நான்கைந்து மீன்களின் கழிவு அவ்வளவு பெரிய குழாயில் நிலையான நுரை எழும்பப் போதவில்லை. மூன்று நாள் குவளை காய்ந்து கிடக்கும், நாலாம் நாள் திடீரென்று பொங்கும். உயரமோ அலமாரியின் மேல்பலகையை இடித்தது, குவளையைக் கழற்ற முழு இயந்திரத்தையும் சாய்க்கவேண்டும். குவளையை மூன்று திருகாணிகள் பிடித்திருந்தன. இரவில் காற்றுக்குழாய் கொர்ரென்று உறுமியது. ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்து பிழைக்கும் எனக்கு அந்தச் சத்தம் கதவைச் சாத்தினாலும் கேட்டது. நான்கடியில் படுத்திருந்த அப்பா மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்துக் குனிந்து பார்த்தேன். குவளை விளிம்புவரை நிரம்பி நாறிக்கொண்டிருந்தது. பக்கவாதத்துக்குப் பிறகும் இடது கையாலேயே குவளையைக் கழுவிவைத்தவர் அப்பா. அந்த வீட்டில் அவர் விட்டுக்கொடுக்காத ஒரே வேலை அது.

"ஏம்பா, என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"மூணு ஸ்க்ரூ இருக்கும்மா. ஒரு கையால ஆகல."

அதனால்தான் அளவுநாடா. இம்முறை கடைக்குப் போகுமுன் மூன்று அளவுகளைக் குறித்துக்கொண்டேன்: சம்ப் அறையின் நீள அகலம், அதில் தண்ணீர் நிற்கும் ஆழம், தண்ணீர் மட்டத்திலிருந்து மேல்பலகைவரை உள்ள இடைவெளி. கடைக்காரர் அங்கிளும் முதலில் இதைத்தான் கேட்டார். ஒவ்வொரு ஸ்கிம்மருக்கும் ஏற்ற நீர் ஆழம் உண்டாம். ஆழம் கூடினால் வெறும் தண்ணீரே குவளைக்குள் ஏறும், குறைந்தால் நுரை கழுத்தை எட்டாது. எங்கள் சம்ப்பில் 20 சென்டிமீட்டர். அடுத்து எத்தனை மீன், ஒரு நாளைக்கு எத்தனை முறை தீனி என்று கேட்டார். பெட்டியில் இருக்கும் லிட்டர் கணக்கைப் பற்றி அவர் பேசவே இல்லை. மீன் குறைவென்றால் ஒரு கணக்கு, நிறைய என்றால் வேறு கணக்கு, அதைப் பெட்டி சொல்லாது என்றார்.

சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். நேர்மின் பம்ப் விலை கூடுதல், ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், சத்தமும் குறைவு என்றார். காற்றுக்குழாய் முனையில் சத்தமடக்கி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் அதிர்வு அலமாரிப் பலகைக்குப் போகாதாம். கடையில் ஐம்பது பம்ப்புகள் ஓடும் இரைச்சலில் எதையும் தனியாகக் கேட்க முடியவில்லை. என்னைக் கடையின் பின்கட்டுக்கு அழைத்துப்போய், ஒரு வாளி உப்புநீரில் வைத்து ஓடவிட்டுக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். சோடா புட்டி திறந்தபின் வரும் மெல்லிய சீறல், அவ்வளவுதான்.

பிறகு வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையால் மட்டும் ஒவ்வொரு குவளையாகக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு அசையவில்லை. ஒன்று கழன்றது, ஆனால் உடம்பும் சேர்ந்து தூக்கிக்கொண்டது. கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். "வீட்டில் வயதானவர் யாராவது இருக்கிறார்களா?" என்றார். அப்பா என்றேன். மேலே ஒன்றும் கேட்காமல் அடித்தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தார். குவளையைக் கால் திருப்பம் திருப்பினால் கையோடு வந்துவிடுகிறது. 300 லிட்டர் என்று போட்டிருந்தது, உயரம் 42 சென்டிமீட்டர். விலை 260 வெள்ளி. முதலில் வாங்கியதைவிட 40 வெள்ளி அதிகம்.

முதல் வாரம் அது ஒழுங்காக வேலை செய்யாது, உட்புறத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு போகவேண்டும் என்று எச்சரித்து அனுப்பினார். அப்படியே ஆனது. ஒன்பதாம் நாள்தான் கழுத்தில் கெட்டியான நுரை நின்றது. தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு ஒரு நாள் தொட்டிக்குள் கைவிட்டேன். நுரை முழுவதும் படுத்துவிட்டது, மறுநாள்தான் எழுந்தது. அப்பா திட்டினார். நோய்க்குப் பிறகு அவர் என்னைத் திட்டியது அதுவே முதல் முறை.

காலை நிகழ்ச்சிக்காக நான்கு மணிக்கு எழுகிறேன். விளக்கு போடாமல் கூடத்தைக் கடக்கும்போது சீறல் கேட்கும், அதற்குமேல் அப்பாவின் குறட்டை கேட்கும். ஒன்பது மணிவாக்கில், பாடல் ஓடும் இடைவெளியில் கைப்பேசியில் அவர் குரல் வரும்.

"இன்னைக்கு நல்லா கருப்பா வந்திருக்கும்மா. கொட்டிக் கழுவிட்டேன்."