அப்பா கேட்ட கேள்வி

“கதை படிக்கவா பல்கலைக்கழகம் போகிறாய்?”

மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயில இடம் கிடைத்த அன்று அப்பா கேட்ட கேள்வி இது. எங்கள் வீடு பண்டமாரானில் இருந்தது. அப்பா கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டினார். படித்து முடித்தால் என்ன வேலை என்று உடனே சொல்லக்கூடிய படிப்பையே அவர் விரும்பினார். “கதை மட்டும் இல்லை, அப்பா” என்றேன். அதற்குமேல் விளக்க எனக்கும் தெரியவில்லை.

முதலாண்டு கடினமாக இருந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஒரு பக்கத்தைக்கூட அகராதியின்றிக் கடக்க முடியவில்லை. மெல்ல மெல்ல, ஒரு வரியை நிதானமாகப் படிக்கவும், ஒரு பாத்திரம் சொல்லாமல் விட்டதைக் கவனிக்கவும், என் கருத்துக்கு நூலிலிருந்தே சான்று காட்டவும் பழகினேன். ஆயினும், ஆங்கில இலக்கியம் பனி பெய்யும் தூரதேசத்தாரின் சொத்து என்றே எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியது கே.எஸ். மணியம் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ என்னும் நாவல். அவர் 1942ஆம் ஆண்டு கெடா மாநிலத்தின் பீடோங்கில் பிறந்தவர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். 1981இல் வெளிவந்த அந்நாவலில், இந்தியாவிலிருந்து வந்த பாட்டி, சலவைத் தொழிலாளியான தந்தை, ஆங்கிலப் பள்ளிக்குச் செல்லும் ரவி ஆகியோர் வருகிறார்கள். சொந்த நிலத்துக்காக ஏங்கும் குடும்பம் அது.

விடுமுறையில் அக்கதையை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். படிக்கப் படிக்க ரவி தன் வீட்டாரிடமிருந்து விலகிப் போவதைச் சொன்னபோது என் குரல் தயங்கியது. அப்பா குறுக்கிடாமல் கேட்டார்.

“என் அம்மாவும் இப்படித்தான் கப்பலில் வந்து, இதே துறைமுகத்தில் இறங்கினார்” என்றார். அதுவரை அவர் அதைச் சொன்னதே இல்லை. அன்றிரவு வெகுநேரம் பாட்டியைப் பற்றிப் பேசினார். எழுந்து செல்லும்போது, “இதைத் தமிழில் எழுதியிருந்தால் நானே படித்திருப்பேனே” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

இன்று மாணவர்களுக்கான தமிழ்ப் பாடப்பகுதிகளைத் தேர்ந்தெடுப்பது என் பணி. நூலைக் கூர்ந்து படிக்கப் பல்கலைக்கழகம் கற்றுத் தந்தது. யாருக்காகப் படிக்கிறேன் என்பதை அப்பாவின் அந்தச் சொல் கற்றுத் தந்தது.

மாணவர்களே, எந்த மொழியில் ஒரு கதையைப் படித்தாலும் அதை வீட்டிலுள்ள ஒருவருக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அவரிடம் சொல்லப்படாத கதை ஒன்று காத்திருக்கலாம்.